என் தட்டை இனி நானே அளப்பேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். கடிதத்தின் முதல் வரியில் எல்லோரும் போடுகிற நலம் இல்லை இது, இன்று காலை விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு எழுதுகிற நலம். நீயும் உடம்பும் மனசுமாகச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உறையைப் பார்த்ததுமே நீ போனைத் தேடியிருப்பாய். கலங்க வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுதும் படித்த பிறகு கூப்பிடு, பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

முதலில் வீட்டுச் சமாசாரம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேன் அல்லவா, ஆளைக் கூப்பிடாதே நானே பார்க்கிறேன் என்று அப்பா அரை நாள் அதோடு மல்லுக்கட்டினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாமா செயற்கைக் காலில் கடைத்தெரு வரை நடக்கப் பழகிவிட்டார். என் அண்ணனுக்கு வாய் மட்டும் பழையபடியே இருக்கிறது, போன வாரம் வந்தவர் நான் சர்க்கரை இல்லாமல் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு கால் போனது தேவலை என்றார். அவருக்கு ஒரு போன் போடு, நீ கூப்பிடுவதில்லை என்று என்னிடம் குறைப்படுகிறார்.

இப்போது மறைத்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதமாக நீ கேட்டபோதெல்லாம் மில்லில் எல்லாம் வழக்கம்போலத்தான் என்று சொன்னேன். அது பொய். ஆறு வாரம் நான் கிரேன் ஏறவே இல்லை. கீழே ஒரு மேசையில் உட்கார்ந்து காகிதக் கட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் எங்கே ஆரம்பித்தது என்றால் நீ அனுப்பிய அட்டவணையில். உடனே முகம் சுருங்காதே, மீதியையும் படி. சர்க்கரை நோயால் மாமாவுக்குக் காலை எடுத்த மறு வாரம் அதை அனுப்பினாய். சோறு கூடாது, ரொட்டி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, பருப்பு கூடாது, பழம் கூடாது, பால் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு எழுத்தில் மாவுச்சத்து என்றால் விஷம். நிலத்தை அளந்து எல்லைக்கல் போடுகிறவள் நீ, என் தட்டையும் அளந்து எல்லை போட்டுவிட்டாய். அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், அச்சடித்த தாள் எதைக் கண்டாலும் அதற்குக் கட்டுப்படுவார். அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டி, தினமும் நான் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பரிசோதகர் மாதிரி பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். மூன்று வாரம் முட்டையும் வெள்ளரிக்காயும் கீரையுமாக ஓட்டினேன். என்னைக் காவல் காத்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா, துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் ரொட்டித்தூள் உதிர்ந்தது. கேட்டதற்கு, "நான் அளவாத்தான் சாப்பிட்டேன்"னு பதில்.

எனக்கும் வீம்பு, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். மாத முடிவில் நல்ல எண்ணாகக் காட்டி உன் வாயை அடைக்க வேண்டும் என்று இருந்தேன். அதனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாவை அடியோடு நிறுத்தினேன், என் சர்க்கரை மாத்திரையை மட்டும் பழையபடி காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை ஷிப்ட். பதினோரு மணி இருக்கும். பேப்பர் மெஷினிலிருந்து சுற்றி முடித்த தாய்ச்சுருளை எடுத்து வெட்டுகிற பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். பதினான்கு டன். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்கிற வேலை, தூக்கத்தில் கேட்டாலும் செய்வேன். அன்று சுருளைத் தூக்கி நடுவழிக்கு வந்ததும் முதுகில் வேர்வை கொட்டியது. நீராவிக்குப் பக்கத்தில் வேர்க்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் உதடு மரத்தது. லிவர் பிடித்த கை தந்தி அடித்தது. கீழே கொக்கி மாட்டுகிற ஒட்டகம், கழுத்து நீளம் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறோம், நீ பார்த்திருக்கிறாய், அவர் கையைத் தூக்கி நிறுத்து என்று சைகை காட்டினார். எனக்கு அவருக்கு நாலு கை இருப்பதுபோலத் தெரிந்தது. அதைவிட, அவர்மேல் சொல்ல முடியாத கோபம் வந்தது. ரேடியோவில் அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எனக்கு நினைவில்லை, நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் நான் யாரையும் போடா என்றுகூடச் சொன்னதில்லை, அதனால் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. "அக்கா, கைய எடுங்க, லிவர விடுங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம்"னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். விட்டேன். கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும். பதினான்கு டன்னும் நாலு ஆள் உயரத்தில் அப்படியே தொங்கியது. அதற்கு நேர் கீழே இரண்டு பெண்கள் வெட்டு இயந்திரத்தில் காகிதம் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டகம் அவர்களை விலக்கிவிட்டு, யாரோ மேசையில் வைத்திருந்த பழச்சாறு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, நாற்பத்திரண்டு படியும் ஏறி வந்தார். கேபின் கதவைத் திறந்து முதலில் கேட்டது, "அக்கா, விழுங்க முடியுதா?" அவர் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், அதனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாய்வாயாகக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் உலகம் பழைய இடத்துக்கு வந்தது. முதலுதவி அறையில் அளந்தபோது, அந்தச் சாற்றைக் குடித்த பிறகும் ஐம்பத்தெட்டுதான். குடிக்கும் முன் எவ்வளவு இருந்ததோ.

ஒரு கீறல்கூட யாருக்கும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பெண்களின் முகம் இன்னும் எனக்குக் கண்ணை மூடினால் வருகிறது. ஒருத்திக்கு உன் வயது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டு உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். சின்ன அறை, ஜன்னலோரம் பிளாஸ்டிக் பழங்கள், எடை மெஷின், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ஒரு அம்மா. நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை. உன் அட்டவணையைப் படித்துவிட்டு, "எழுதினவங்களுக்கு உங்கமேல ரொம்பப் பாசம்"னு சொன்னார். அப்புறம், "மாவைக் குறைச்சது தப்பில்லம்மா, நிறைய பேருக்கு அது நல்லதுதான். அடியோட நிறுத்திட்டு மாத்திரைய அப்படியே போட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. அந்த மாத்திரை நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, கணையத்த விரட்டி இன்சுலின எறக்கிட்டே இருக்கும்"னார். எனக்குப் புரியும்படி இன்னும் சொன்னார், அப்பா நோட்டில் எழுதிக்கொண்டார், அதைப் பார்த்துத்தான் உனக்கு எழுதுகிறேன்.

மாவுச்சத்து என்று நாம் ஒரே பெயரில் திட்டுவது ஒரே பொருள் இல்லையாம். ஒற்றையாக நிற்கிற சர்க்கரை உண்டு, ரத்தத்தில் ஓடுகிற குளுக்கோஸ், பழத்தில் இருக்கிற சர்க்கரை இதெல்லாம். இரண்டு இரண்டாகக் கைகோத்தவை உண்டு, காப்பியில் போடுகிற வெள்ளைச் சர்க்கரையும் பாலில் இருக்கிற சர்க்கரையும் அந்த ரகம். ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலியும் உண்டு, அதுதான் சோறு, ரொட்டி, கிழங்கு, பருப்பில் இருக்கிற மாவு. எதைத் தின்றாலும் வயிறு ஒற்றை ஒற்றையாக அறுத்துத்தான் ரத்தத்தில் விடுகிறது, சீக்கிரம் அறுகிறதா மெதுவாக அறுகிறதா என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். வெள்ளை ரொட்டியும் சங்கிலிதான், ஆனால் பார்ப்பதற்குள் அறுந்துவிடும். பருப்பும் தோலோடு தின்கிற பழமும் தவிடு நீக்காத தானியமும் மெதுவாக விடும், அவற்றில் நார் இருப்பதால். அந்த நாரும் மாவுச்சத்துக் குடும்பம்தானாம், நம்மால் மட்டும் அதை அறுக்க முடியாது, குடலில் இருக்கிற நல்ல கிருமிகளுக்குத் தீனியாகி மிச்சம் வெளியே போகும். அப்பா விடவில்லை, "அப்ப மரம், பஞ்சு, இவ தூக்குற பேப்பர் எல்லாம்?"னு கேட்டார். எல்லாமே அதே குளுக்கோஸைக் கோத்ததுதான் என்றார் அந்த அம்மா. "முடிச்சு போட்ட விதம் வேற சார். சோத்து முடிச்ச அவுக்க நம்ம வயித்துல ஆள் இருக்கு, பேப்பர் முடிச்ச அவுக்க ஆள் இல்ல, மாட்டு வயித்துல இருக்கு." பத்தொன்பது வருஷமாக எதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

நான் கேட்டது ஒன்றுதான், எனக்கு ஏன் நாலு கை தெரிந்தது, ஏன் அப்படிக் கோபம் வந்தது. அவர் சொன்னார், மூளை சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸ் கேட்கும், சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு இடம் கிடையாது, நேரத்துக்கு நேரம் ரத்தம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சாப்பிடாத நேரத்துக்கென்று கல்லீரலில் கொஞ்சம் இருப்பு உண்டு. தசையிலும் நிறைய இருக்கிறது, ஆனால் தசை தன் வேலைக்குத்தான் வைத்துக்கொள்ளும், மற்ற உறுப்புக்குக் கொடுக்காது. அதைக் கேட்டதும் அப்பா, "நம்ம மேல்வீட்டுக்காரர் மாதிரி"னார், அந்த அம்மா சிரித்துவிட்டார். மாவே தின்னாவிட்டாலும் உடம்பு கொழுப்பை எரித்து, புரதத்தை உடைத்துச் சமாளிக்கப் பார்க்கும், என் மாத்திரை அதைச் சமாளிக்க விடவில்லை. மூளைக்குத் தீனி குறைந்தால் முதலில் போவது நிதானம். அதாவது அன்று ஒட்டகத்தைத் திட்டியது நான் இல்லை, என் பசித்த மூளை. இதை அவரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, ரெண்டு வார்த்தை எனக்கே புதுசு"ன்னார்.

இதுவரை நடந்தது உடம்பு. இனிமேல் நடந்ததுதான் எனக்கு வலித்தது. நாலாம் நாள் வேலைக்குப் போனால் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அப்புறம் ஒரு தாளை நகர்த்தினார். என் சொந்த விருப்பத்தின் பேரில் நிரந்தரமாகத் தரைப்பணிக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்"னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நல்லதுக்கு நீ அட்டவணை போட்டாய், என் நல்லதுக்கு அப்பா டப்பாவைத் திறந்தார், என் நல்லதுக்கு இவர் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறார், இந்த நல்லதில் என்னை ஒரு வார்த்தை கேட்டவர் ஒருத்தரும் இல்லை. நான் சொன்னேன், "சார், இது என் விருப்பம் இல்ல, உங்க விருப்பம். உங்க விருப்பத்துல நீங்க கையெழுத்துப் போடுங்க." அவர் போடவில்லை. விசாரணை முடியும்வரை லேபிள் மேசைக்குப் போகச் சொன்னார்.

போனேன். எடை, அகலம், தரம் என்று ஒட்ட வேண்டும், விற்க முடியாததற்குச் சிவப்பில் கழிவு என்று ஒரு லேபிள். தலைக்கு மேலே என் கிரேன் வேறொருத்தர் கையில் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டுவேன். ஒவ்வொரு திங்களும் அந்த விண்ணப்பத்தாள் என் மேசைக்கு வரும். நான் ஒவ்வொரு திங்களும் அதன்மேல் ஒரு சிவப்பு லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். ஆறு திங்கள், ஆறு லேபிள். ஐந்தாவது வாரம் அலுவலகத்தில் யாரோ சிரித்ததாகக் கேள்வி.

அந்த ஆறு வாரமும் அளந்தேன். எழுந்ததும், சாப்பிடும் முன், சாப்பிட்டு இரண்டு மணி கழித்து, கிரேன் ஏறாவிட்டாலும் ஏறுகிற நேரத்துக்கு ஒரு தடவை. எது தின்றேன், எவ்வளவு, எண் என்ன, எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். வெள்ளை ரொட்டி மூன்று துண்டு தின்றால் எகிறியது, அதே மாவு பருப்போடும் காயோடும் போனால் மரியாதையாக இருந்தது. என் தட்டில் இப்போது பாதி காய், கால் பங்கு முட்டையோ மீனோ பருப்போ, கால் பங்கு சோறு அல்லது தவிட்டு ரொட்டி. பத்து மணிக்கு ஒரு ஆப்பிள், தோலோடு. இது எனக்கு, என் மாத்திரைக்கு, என் வேலைக்குச் சரி. மாமாவுக்கு வேறு தட்டு.

விசாரணைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, மில் டாக்டர். ஒட்டகத்தைச் சாட்சிக்கு அழைத்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு அக்கா திட்டினார் என்றார். என்ன சொல்லித் திட்டினார் என்று அதிகாரி கேட்டார். "அத இங்க சொல்ல முடியாது சார், எழுதியும் தர முடியாது"ன்னு சொல்லிவிட்டு மனிதர் நிமிர்ந்து நின்றார். அப்புறம் அதிகாரி என்னிடம், இது மறுபடி நடக்காது என்று உறுதி தர முடியுமா என்றார். நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பதில் வேறு, வாயில் வந்தது வேறு. "முடியாது சார். இங்க மேல ஏறுற யாராலயும் முடியாது. அவங்க காலைல சாப்பிட்டாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா? என்னோடது எனக்குத் தெரியும். நடக்கறதுக்கு முன்னாடி கண்டுபிடிப்பேன், அதுக்கு உறுதி தரேன்." நோட்டை நகர்த்தினேன். மில் டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு மேலாளர் பக்கம் நகர்த்தினார்.

போன திங்கட்கிழமை ஏறினேன். முழு வெற்றி என்று நினைக்காதே. பகல் ஷிப்ட் மட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், ஏறும் முன் அளந்து எழுத வேண்டும், கேபினில் குளுக்கோஸ் மாத்திரை இருக்க வேண்டும். மேலாளர் என்னைக் கண்டால் இப்போதும் வேறு பக்கம் பார்க்கிறார், பார்க்கட்டும். நாற்பத்திரண்டு படியிலும் முட்டி வலித்தது, ஆறு வாரம் உட்கார்ந்ததில் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. முதல் சுருளைத் தூக்கும்போது கை நடுங்கியது. நிறுத்தி அளந்தேன். நூற்றுப்பதினெட்டு. அது சர்க்கரை இல்லை, பயம். பயத்துக்கு மாத்திரை கிடையாது என்பதால் தூக்கினேன். வெட்டு இயந்திரத்தில் இருந்த அந்த இரண்டு பெண்களும் சுருள் கடந்து போகும்வரை விலகி நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. உன் அட்டவணையைக் கிழித்துவிட்டேன். அப்பா தடுத்தார், அவர் கண் முன்னால் கிழித்தேன். உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவின் செருப்பை ஒற்றையாகக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நீ நின்றதை நான் பார்த்தேன். அன்று எடுத்த முடிவுதான் அந்தச் சிவப்பு எழுத்து. ஆனால் மாமாவின் கால் ரொட்டியால் மட்டும் போகவில்லை. மரத்துப்போன பாதத்தில் ஆணி ஏறியதைப் பதினோரு நாள் ஒருத்தரிடமும் சொல்லாமல் மறைத்தார், அதனால் போனது. அவருடைய தங்கைதான் நான், நானும் இரண்டு மாதம் உன்னிடம் மறைத்தேன். அந்தக் குடும்பப் புத்தியை இந்தக் கடிதத்தோடு விடுகிறேன். நீயும் விடு. எனக்காகப் பயந்தால் பயமாக இருக்கிறது என்று சொல், சட்டம் போடாதே. தப்பு உன்னுடையது என்று உட்கார்ந்து அழாதே, அதில் பாதிக்கு மேல் என் வீம்பு, அதை உனக்குப் பங்கு தர மாட்டேன். இன்னொரு அட்டவணை வந்தால் அதன்மேல் என்ன லேபிள் விழும் என்று உனக்குத் தெரியும்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், அதில் கடைசி வருஷம் வரைக்கும் உன்னோடு சண்டை போட நான் இருக்க வேண்டும். மாமாவுக்கு போன் போட மறக்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து நீ போன் எடுத்ததும் எவ்வளவு இருக்கிறது என்றுதான் ஆரம்பிக்கிறாய். அதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும்போல, சாப்பிட்டியாம்மா என்று கேட்பாய். இனி முதலில் அதைக் கேள், அப்புறம் எண்ணைக் கேள். இரண்டுக்கும் உண்மையைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பிடிவாதத்தை உனக்குக் கொடுத்தவள்,
உன் அம்மா